நடுவில் மூன்று தட்டு

ஐம்பது வயதைத் தாண்டியவன் இணையத்தில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களிடம் சண்டைக்குப் போகக் கூடாது. போனேன். அதுவும் ஒரு பாட்டுக்காக.

பாட்டு என்றதும் பல்லவி, சரணம், நாலு நிமிடத்தில் முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். இது ப்ராக்ரெஸிவ் ராக் என்று சொல்லப்படும் வகையறா. எல்பி ரெக்கார்டின் ஒரு முழுப் பக்கத்தையும் ஒரே பாட்டு பிடித்துக்கொண்டு கால் நீட்டிப் படுத்திருக்கும். பாடுகிறவர் எப்போதாவதுதான் வாயைத் திறப்பார். மற்ற நேரமெல்லாம் ஆர்கனும் கிடாரும் ட்ரம்ஸும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும், களைத்து ஓரிடத்தில் உட்காரும், மறுபடி எழுந்து ஓடும். பாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதன் ரசிகர்களிடம் நான் ஏற்கெனவே போதுமான அளவு பிரபலம்.

அவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. அதில் நீளமாக ஒரு பதிவு போட்டேன். பாட்டின் நடுவே எல்லா வாத்தியங்களும் அடங்கி, ஆர்கனின் ஒற்றைச் சுரம் மட்டும் இழைந்துகொண்டிருக்கும். அப்போது எங்கிருந்தோ மூன்று தட்டுகள் கேட்கும். மரக்கதவை யாரோ தயங்கித் தயங்கித் தட்டுவது போல. பிறகு ஒரு நீண்ட மூச்சு. அந்த இடம்தான் பாட்டின் உயிர் என்று எழுதினேன். தட்டுவது மரணம், கதவைத் திறக்காமல் மூச்சு மட்டும் விடுகிறவன் மனிதன் என்று விளக்கமும் கொடுத்தேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

எந்தத் தட்டு என்று முதலில் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு, அந்த ரெக்கார்டின் பதிப்புகள் அத்தனையையும் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பெரியவர், தன்னிடமுள்ள எதிலும் அப்படி ஓர் ஒலி கிடையாது என்றும், காதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றும் எழுதினார். ரசனை என்பது ரெக்கார்டை அடுக்கி வைப்பதல்ல என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு, மகளின் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பாட்டைச் செல்போனில் கேட்டேன். அதுவரை என் பழைய கேசட்டைத் தவிர வேறெதிலும் கேட்டதில்லை. செல்போனில் கேட்பது ரசிகனுக்கு இழுக்கு என்பது என் கொள்கை.

அந்த இடம் வந்தது. ஆர்கன் இழைந்தது. தட்டு இல்லை. மூச்சும் இல்லை. பெரியவர் சொன்னதுதான் சரி. நாற்காலியைக் காணவில்லை என்று தெரியாமல் உட்கார்ந்தவன் போல ஆகிவிட்டேன்.

அலமாரியிலிருந்து கேசட்டை எடுத்தேன். பெட்டியைத் திறந்ததும் பழைய ஈரமும் சூடேறிய தூசியும் கலந்த ஒரு வாசனை. அது தங்கராசுவின் கடை வாசனை.

ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான் தங்கராசு. மலையில் எதை வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும். சேலத்திலிருந்து காப்பி எஸ்டேட் ஆபீஸ் வேலைக்குப் போய்ச் சேர்ந்த முதல் மழைக்காலத்திலேயே என் ஷூவுக்குள் பச்சையாக ஏதோ முளைத்தது. அதனால் தங்கராசு கேசட்டுகளையெல்லாம் ஒரு மரப்பெட்டியில் போட்டு, உள்ளே ஜீரோ வாட் பல்பு ஒன்றை எந்நேரமும் எரியவிட்டிருப்பான். கோழிக்குஞ்சு பொரிக்க வைத்தது மாதிரி அந்த வெளிச்சத்தில் கேசட்டுகள் கதகதப்பாகக் கிடக்கும். ஆபீஸில் ரைட்டருக்கு, அதாவது கணக்குப்பிள்ளைக்கு, உதவியாக ஆள் கணக்கு எழுதினேன். எனக்குப் பெயர் சின்ன ரைட்டர். ரைட்டர் என்று அழைக்கப்பட்டதால்தானோ என்னவோ, பிற்பாடு எழுதவும் துணிந்தேன்.

எங்கள் மூன்றாவது ஆள் செல்வமணி, எஸ்டேட் ஜீப் டிரைவர். கரடியூர்க்காரன். அவனுக்கு அங்கே கொஞ்சம் காப்பியும் ஆரஞ்சு மரங்களும் உண்டு. இங்கிலீஷ் பாட்டில் ஒரு வார்த்தை புரியாது அவனுக்கு. எங்களுக்கும் புரியாது, நாங்கள் காட்டிக்கொள்ள மாட்டோம். ஆனால் அந்தப் பாட்டைப் பற்றி இதுவரை நான் கேட்ட விமர்சனங்களில் அவன் சொன்னதை மிஞ்சியது இல்லை. "ரெண்டாவது கியர்ல ஏறி, வளைவுல நின்னு மூச்சு வாங்கி, மறுபடி ஏறுது பாருங்க ரைட்டரே. நம்ம ஜீப்புதான்."

அந்த ரெக்கார்டு எஸ்டேட் முதலாளியின் பங்களாவில் இருந்தது. பாட்டின் ஒரு துண்டை ஏதோ வெளிநாட்டு ரேடியோவில் கேட்டதிலிருந்து தங்கராசு அதன் நினைப்பாகவே இருந்தான். முதலாளி ஊரில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையற்காரரிடம் சொல்லிச் சாவி வாங்கியவன் செல்வமணிதான். பங்களாவின் ரெக்கார்டு பிளேயரையும் எங்கள் டேப்ரெக்கார்டரையும் இணைக்கும் ஒயர் எங்களிடம் இல்லை. ஆகவே டேப்ரெக்கார்டரை அறை நடுவில் வைத்து, ஸ்பீக்கரிலிருந்து வருவதை அப்படியே மைக்கில் பிடிப்பதாக ஏற்பாடு. யாரும் அசையக் கூடாது.

காப்பி பறிப்புக் காலம், மார்கழிப் பனி. அன்றைக்கு அந்த எஸ்டேட்டையே வாயடைக்க வைத்தான் செல்வமணி. பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மிஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னான். நாயைக் கொண்டுபோய் எங்கோ கட்டினான். முதலாளியம்மா ஆசையாக வளர்த்த வான்கோழிகள் இரண்டைக் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு தொழிலாளர் லைன் வீடுகளுக்கு நடந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசியில், யாரும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று மப்ளரைச் சுற்றிக்கொண்டு வராந்தாவில் போய் நின்று, கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டான். பாட்டுக்காக இத்தனை பாடுபட்டவன் பாட்டுக்கு வெளியே நின்றான்.

நாங்கள் அந்தப் பாட்டை முழுதாக முதலில் கேட்டதும் அது பதிவானதும் ஒரே நேரத்தில்தான். ஒரு ஸ்பீக்கர் கதவை ஒட்டி இருந்தது. நடுவில் அந்தத் திசையிலிருந்து மூன்று தட்டுகள் வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முடிந்ததும் செல்வமணி உள்ளே வந்தான். முகம் வெளிறியிருந்தது. குளிர் என்று நினைத்தோம்.

"நல்லா வந்துச்சா?" என்றான்.

"நடுவுல மூணு தட்டு ஒண்ணு வருதுப்பா, சாமி வந்து கூப்பிடற மாதிரி," என்றான் தங்கராசு. பின்னுக்கு ஓட்டிப் போட்டும் காட்டினான்.

செல்வமணி கேட்டான். கேட்டு முடித்ததும் வான்கோழிகளைக் கூட்டிவரப் போனான்.

அதன்பின் ஞாயிறு மதியங்கள் எல்லாம் அந்தக் கேசட்டுக்குத்தான். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஐந்தாறு பேர் உட்காருவோம். வேகமான பகுதியில் தாளம் ஏழு ஏழாக விழுவதைத் தங்கராசு விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்தான். நம் மிஸ்ர சாபு தாளம் இங்கிலாந்து வரைக்கும் போயிருக்கிறது என்று நான் ஒரு கட்டுரைக்கே குறிப்பெடுத்தேன். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குத் தங்கராசுதான் மைக் செட். ஒரு வருடம் விடிகாலையில் ஆளில்லாத நேரம் பார்த்து மலை முழுவதும் கேட்கப் பாட்டைப் போட்டுவிட்டான். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "ஏனுங்க, மிஷினு கெட்டுப்போச்சுங்களா?" என்று கவலையாக விசாரித்தார்.

ஆனால் எங்கள் கூட்டத்தின் உச்சம் அந்த மூன்று தட்டுதான். அந்த இடம் நெருங்கும்போது பேச்சு நின்றுவிடும். முடிந்ததும் விளக்கம் சொல்லும் பொறுப்பு எனக்கு. மரணம், கதவு, மனிதன் எல்லாம் அங்கே பயிற்சி எடுத்ததுதான். ஒவ்வொரு முறையும் ஆர்கன் இழையத் தொடங்கும்போது செல்வமணி மட்டும் எழுந்து, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஷட்டருக்குக் கீழே குனிந்து போய்விடுவான். "இவனுக்கு நெஞ்சு தாங்காது, ஓடிருவான்," என்று தங்கராசு கேலி செய்வான். அழகைத் தாங்க முடியாதவர்கள் உண்டு என்று நான் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

பிறகு வேலை மாறிச் சென்னைக்கு வந்துவிட்டேன். கேசட்டை எனக்கே கொடுத்தார்கள். செல்வமணி ஜீப்பை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டே இருந்தது. மருந்தும் மாத்திரையுமாக ஓட்டியவன் போன பனிக்காலத்தில் இறந்துபோனான்.

இணையத்தில் நான் அவமானப்பட்ட அடுத்த வாரம் அவனுடைய வருஷத் திதி. அதற்குத்தான் மலையேறினேன் என்று சொன்னால் பாதி பொய். கேசட்டும் சட்டைப்பையில் இருந்தது. எங்கள் கேசட்டில் இருக்கும் தட்டு உலகத்தில் வேறெங்கும் ஏன் இல்லை? ஏற்காட்டில் இறங்கித் தங்கராசுவிடம் கேட்டேன், அவன் கொஞ்சமும் அசரவில்லை. "பங்களாவுல இருந்தது ஒசத்தி ரெக்கார்டுப்பா. அவனுங்ககிட்ட இருக்கறது டூப்ளிகேட்டு." செல்வமணி இருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்துவிடும் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டே போனோம். கதவோரம் நின்றவன் அவன்தானே.

கரடியூரில் செல்வமணியின் மனைவி பாப்பாத்தி எங்களுக்கு இலை போட்டாள். சுவரில் அவனுடைய போட்டோ, ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது, யாரையோ முறைத்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவள் சொன்னாள்: "முழிச்சுப் பார்த்துக்கிட்டேதான் இருக்கறாரு. சத்தந்தான் இல்லீங்க. ஊடு நொம்ப அமைதியாப் போச்சு." அவன் குரல் எதிலாவது இருக்கிறதா என்று அவர்கள் மகள் செல்போன் முழுக்கத் தேடினாளாம். எதிலும் இல்லை.

சாப்பாடு முடிந்ததும், அவனுக்குப் பிடித்த பாட்டு என்று சொல்லித் தங்கராசு தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரே டேப்ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுத்து வைத்தான். பாப்பாத்தி வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு ஏறியது, இறங்கியது, வளைவில் நின்று மூச்சு வாங்கியது. ஆர்கன் இழைந்தது. மூன்று தட்டு. நீண்ட மூச்சு.

பாப்பாத்தியின் கை மிளகின் மேல் அப்படியே நின்றது. உள் அறையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"ஏனுங்க ரைட்டரே, எங்கூட்டுக்காரரு இருமறாருங்க."

பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பனி ஏறினால் துணியை வாயில் வைத்துக்கொண்டு மூன்று முறை இருமுவார், அப்புறம் ஒரு மூச்சு விடுவார், எத்தனை ராத்திரி கேட்டிருக்கிறேன் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். மிஷினையும் நாயையும் வான்கோழியையும் அடக்கியவனால் தன் நெஞ்சை மட்டும் அடக்க முடியவில்லை. மப்ளரைத் திணித்துக்கொண்டு அந்த மர வராந்தாவில் குனிந்து நின்றிருக்கிறான். உள்ளே வந்து சொல்லியிருப்பான். அதற்குள் நாங்கள் அதைச் சாமியாக்கிவிட்டோம்.

"டீ சொல்லப் போறேன் டீ சொல்லப் போறேன்னு..." என்று ஆரம்பித்த தங்கராசு முடிக்கவில்லை.

"இன்னொருக்கா போடுங்க," என்றாள் பாப்பாத்தி.

பின்னால் ஓட்டும் பட்டன் வேலை செய்யவில்லை. தங்கராசு கேசட்டை வெளியே எடுத்துப் பென்சிலை விட்டுச் சுற்றினான். பழைய நாடா, எங்கே இற்றுவிழுமோ என்று ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்திப் பார்த்தான். அந்த இடத்தில் அறுந்துபோனால் உலகத்தில் வேறு பிரதி கிடையாது. அறுபடவில்லை. மகள் அந்த இடத்தை மட்டும் செல்போனில் பிடித்து வைத்துக்கொண்டாள். நாங்கள் பங்களாவில் செய்த மாதிரியே, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஊருக்கு வந்ததும் குழுவில், அது எங்கள் நண்பரின் இருமல் என்று இரண்டு வரி எழுதினேன். அப்படியானால் தன்னிடம் இல்லாத பதிப்பு அது ஒன்றுதான் என்று அந்தப் பெரியவர் பதில் போட்டிருந்தார்.

பங்களா இப்போது ரிசார்ட். வராந்தாவைக் கண்ணாடி போட்டு அடைத்து உணவகமாக்கிவிட்டார்கள். தங்கராசுவின் கடையில் அவன் மகன் செல்போன் உறை விற்கிறான், ஜீரோ வாட் பல்புப் பெட்டியை யார் கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. பாட்டு மட்டும் எல்லாப் போனிலும் சுத்தமாக இருக்கிறது. அதற்காக ஒரு எஸ்டேட்டை நிறுத்தி வைக்கிறவன்தான் இல்லை.

கரடியூரிலிருந்து கிளம்பும்போது பாப்பாத்தி பஸ் வரைக்கும் கூட வந்தாள். சும்மா இருக்க முடியாமல், பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டுவைத்தேன். கொஞ்சம் யோசித்தாள்.

"நடுவுல நல்லா இருந்துச்சுங்க. முன்னாலயும் பின்னாலயுந்தான் ஒரே இரைச்சல்."