மூன்றாம் ஓலை முடியட்டும்

பாக்கியமேரி காதில் ஒரு சேதி விழுந்தால் அது பாப்பிரெட்டிப்பட்டி கடைத்தெருவுக்குப் போய்ச்சேர அரை நாள் ஆகாது என்று அவள் புருஷன் கஸ்பாரே சொல்வான். அப்பேர்ப்பட்டவள், தன் இடது மாரில் புளியங்கொட்டை அளவுக்குத் தட்டுப்பட்ட கட்டியை மட்டும் யாரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்தாள்.

அது எண்பத்தாறாம் வருஷத்துத் தவக்காலம். மகள் ராஜமேரிக்கு மொரப்பூர்ப் பக்கத்து இன்னாசிராஜை நிச்சயம் செய்திருந்தார்கள். ஈஸ்டர் கழிந்ததும் கோயிலில் கலியாண ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் வாசித்து, இந்தக் கலியாணத்துக்கு விக்கினம் ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று சாமியார் கேட்பார். மூன்றாம் ஓலை தாண்டிவிட்டால் பாதிக் கலியாணம் ஆன மாதிரிதான்.

பாக்கியமேரியின் ஆத்தா மாரில் புத்துநோய் வந்து செத்தவள். அந்தப் பேச்சு பரவியதில் தங்கைக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்று வாசலோடு திரும்பிப் போனதை அவள் கண்ணாரப் பார்த்திருந்தாள். மகளுக்கும் அப்படி ஆக வேண்டுமா? மூன்றாம் ஓலை முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். கட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா என்ன? அது தன்பாட்டுக்கு வளர்ந்தது.

சாமியார் கேட்கும் விக்கினம் வேறு. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிறாளா, இரண்டு பேரும் முறைகெட்ட சொந்தமா, இந்த மாதிரி சங்கதிகளுக்குத்தான் அந்தக் கேள்வி. முதல் ஓலை வாசித்த ஞாயிறன்று பாக்கியமேரியோ அது தன் ஒருத்தியைப் பார்த்தே கேட்டது என்று முடிவு செய்துகொண்டாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தலையைக் குனிந்தபடி இருந்தாள். பாவத்தை வைத்துக்கொண்டு எப்படி நன்மை வாங்குவது என்று, சாமியார் கொடுக்கும் அப்பத்துக்கு எழுந்து போகவில்லை. பக்கத்தில் இருந்த ராஜமேரி ஏன் என்று கேட்டதற்கு, "இப்பத்தான் காப்பி குடிச்சேன்டி" என்று, நன்மைக்கு முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது என்ற விதியைச் சாக்கு வைத்துக் கோயிலுக்குள்ளேயே ஒரு பொய்யும் சொன்னாள்.

மூன்றாம் ஓலை வாசித்த மறுநாள்தான் கஸ்பாரிடம் சொன்னாள். அவன் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு அவளைத் தருமபுரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா கட்டியின் மேல்புறம் கீறிக் கொஞ்சம் சதை எடுத்துத் தையல் போட்டாள்.

"எப்பத்துல இருந்தும்மா இருக்குது?"

"தவக்காலத்துல இருந்துங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தாள். "சேலத்துக்கு டெஸ்டுக்கு அனுப்பறோம். அடுத்த வாரம் வாங்க. ரிசல்ட்டு வராம நல்லதா கெட்டதான்னு நான் சொல்ல முடியாது" என்றாள்.

அந்த வாரம் பாக்கியமேரிக்குக் கை ஓடவில்லை. புளி உடைக்க உட்கார்ந்தவள் சதையையும் கொட்டையையும் ஒரே கூடையில் போட்டாள். இது வெறும் கட்டிதான், எத்தனை பேருக்கு வந்து போகிறது என்று ஒரு நேரம் தோன்றும். அடுத்த நேரம் ஆத்தா படுத்திருந்த அறையின் வாடை மூக்கில் ஏறும். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். மனசை அரித்தது வேறு. நல்லதாக வந்துவிட்டால் சம்பந்தி வீட்டில் இதைப்பற்றி அவள் வாயைத் திறக்கப்போவதில்லை. கெட்டதாக வந்தால், வேறு வழியில்லாமல் சொன்னாள் என்றுதான் ஆகும். யோக்கியமாகச் சொல்வதென்றால், ஒன்றும் தெரியாமல் கிடக்கும் இந்த நாட்களில்தான் சொல்ல வேண்டும்.

கஸ்பாரிடம்கூடச் சொல்லாமல் மொரப்பூர் பஸ் ஏறினாள். மாப்பிள்ளையின் தாய் மதலேனம்மாள் வாசலில் கடலைக்காயைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க சம்மந்தி" என்று அவள் எழுவதற்குள் பாக்கியமேரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"உங்கள ஏமாத்திட்டேங்க. மூணு ஓலையும் வாசிக்க வுட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன். கலியாணம் வேணாம்னாலும் உங்க மேல எனக்கு வருத்தமில்ல."

மதலேனம்மாள் அவளை நிழலில் உட்கார வைத்தாள்.

"எனக்குத் தெரியுங்க சம்மந்தி. மொத ஓலை வாசிச்ச அன்னிக்கே உங்க பொண்ணு இங்க வந்துச்சு. ஜாக்கெட்டு தெக்கக் குடுக்கறன்னு உங்ககிட்ட சொல்லிட்டு வந்திருக்குது."

"ராஜமேரியா?"

"அம்மாவுக்கு மாருல என்னமோ இருக்குது, கையத் தூக்கித் தலை வாரமாட்டேங்குதுன்னு சொல்லுச்சு. என் கலியாணத்துக்காகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாம இருக்குது, நீங்களே பொண்ணு வேணாம்னு சொல்லிடுங்க, கலியாணம் நின்னா அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிடும்னு அழுதுச்சுங்க."

பாக்கியமேரியின் கை தானாக முந்தானையை இழுத்து மூடியது.

"நாந்தான் கேக்கல. இப்படிப்பட்ட பொண்ண யாரு வுடுவாங்க? ஆனா அன்னிக்கே பஸ் ஏறி வந்து உங்கள இழுத்துக்கிட்டுப் போயிருக்கணும். பெத்தவங்க வாயால வரட்டும்னு மரியாத பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன். எம்மேலயும் தப்பு இருக்குதுங்க. ரிசல்ட்டு வாங்கப் போறப்ப நானும் வரேன்."

கலியாணம் நிற்காது என்று தெரிந்தும் பாக்கியமேரிக்கு நிம்மதி வரவில்லை. தன் வாழ்க்கையே போனாலும் போகட்டும் என்று மகள் அந்நிய வீட்டு வாசலில் நின்று அழுதிருக்கிறாள். அந்த வெட்கத்தோடுதான் திரும்பும் வழியெல்லாம் பஸ் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் ராஜமேரி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"தெரிஞ்சும் ஏன்டி எங்கிட்ட கேக்கல?"

அம்மா எங்கே போய்வந்தாள் என்பது ராஜமேரிக்குப் புரிந்துவிட்டது. "கேட்டா இல்லன்னு சொல்லியிருப்ப. இல்லன்னு சொன்ன கட்டிக்கு நான் எப்படிம்மா உன்ன ஆஸ்பத்திரிக்குக் கூப்புடறது?"

பாக்கியமேரி அரிசிப் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தினாள். கதவைச் சாத்தினாள். மகளின் ஈரக் கையைப் பிடித்து முந்தானைக்குள் கொண்டுபோனாள். ராஜமேரியின் விரல்கள் தையலில் பட்டுத் தயங்கின.

"அங்க இல்ல," என்றாள் பாக்கியமேரி. "கட்டி கொஞ்சம் கீழ இருக்குது."