சித்தப்பாவைக் குளிப்பாட்டிய குற்றம்

என் சித்தியை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம், தன் கணவரைத் தானே குளிப்பாட்டினார். இதை எழுதும்போதே எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. முதலிலிருந்து பொறுமையாகச் சொல்லப் பார்க்கிறேன். பொறுமை எவ்வளவு தூரம் வரும் என்று தெரியவில்லை.

சித்தி இளவயதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். கொதிக்கிற தண்ணீரிலிருந்து போர்வைகளைக் கழியால் தூக்கிப் போடுகிற வேலை. அந்தக் காலத்தில் வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையானால் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று என்று அர்த்தம். மகளோ மருமகளோ, யாராவது ஒருத்தி சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டோடு கிடக்க வேண்டும். சலவைக்கூடத்திலிருந்து இப்படி ஒவ்வொருத்தியாகக் காணாமல் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் ஒருநாள், இனி ஒரு துணியைத் தொடமாட்டோம் என்று வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மற்ற சங்கங்களும் சேர்ந்துகொண்டன. ஆஸ்பத்திரி நாறியது. அரசாங்கம் இறங்கி வந்தது. வீட்டுப் பராமரிப்புச் சட்டம் அப்படிப் பிறந்ததுதான். படுக்கையில் கிடப்பவர் ஏழையோ பணக்காரரோ, அரசு ஆள் அனுப்பும், வீடு தேடி வந்து பார்த்துக்கொள்ளும்.

"பிச்சை இல்லடி அது, உரிமை. நாங்க உட்கார்ந்து வாங்கினது" என்பார் சித்தி. சொல்லும்போது முதுகு தானாக நிமிரும்.

அந்தச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. சொந்தக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் கிடையாது. அந்த விதிக்காகச் சங்கக் கூட்டத்தில் தொண்டை கிழியப் பேசியவர்களில் சித்தியும் ஒருவர். "வீட்டு ஆளுக்கே காசு குடுத்தீங்கன்னா, மருமகளை எவன் வேலைக்கு அனுப்புவான்? அதான் சர்க்கார் குடுக்குதேன்னு மூலையில உட்கார வச்சிடுவான்" என்று கேட்டாராம். அன்றைக்கு அது சரிதான். அதை நான் மறுக்கவில்லை.

சலவைக்கூடத்தை மூடியதும் சித்தி அதே சட்டத்தின் கீழ் பராமரிப்புப் பணியாளராகச் சேர்ந்தார். ஊரெல்லாம் போய் முடியாதவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட்டு வருவார். பல வருஷம் கழித்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு வாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின. வாய் ஓயாத மனிதர். கப்பல்காரனையே பேச்சில் கவிழ்ப்பார் என்று கிண்டல் செய்வோம். அவர் ஊமையாகக் கிடந்தார்.

துறை ஆள் அனுப்பியது. பெரிய கண்ணாடி போட்ட ஒரு பெண். நல்லவர், கை சுத்தம். ஆனால் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்ததுமே சித்தப்பா கண்களை இறுக்கி மூடிக்கொள்வார். குளியல் முடிந்து, அந்தப் பெண் படியிறங்கிய பிறகுதான் திறப்பார். அதே நேரத்தில் சித்தி ஊரின் மறுகோடியில் ஒரு வயதான அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார். அந்த அம்மா துண்டை விடமாட்டார், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுவார்.

ஒருநாள் அந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்தைச் சித்தி சரியாகப் பார்த்தார். பெரிய கண்ணாடி. தன் வீட்டுக்கு வருகிறவளேதான். இவர் அவளுடைய அம்மாவைக் குளிப்பாட்டுகிறார், அவள் இவருடைய கணவரைக் குளிப்பாட்டுகிறாள். காலையில் எதிரெதிர் பேருந்துகளில் இருவரும் ஒருவரையொருவர் கடந்து போகிறார்கள்.

மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் சித்தி அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ என் புருஷனைக் குளிப்பாட்டப் போற. நான் உங்கம்மாவைக் குளிப்பாட்டப் போறேன். நம்ம ரெண்டு பேருக்கும் மூளை இருக்கா?"

"மூளை இருக்குக்கா. விதியும் இருக்கே."

இரண்டு பேரும் சிரித்தார்களாம், பேருந்தைத் தவறவிடும் அளவுக்கு.

பணியாளர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று அலுவலகத்துக்குக் காட்டிக்கொடுக்க ஆளுக்கொரு செல்போன் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து இருவரும் போனை மாற்றிக்கொண்டார்கள். சித்தியின் போன் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போகும், அந்தப் பெண்ணின் போன் சித்தி வீட்டுக்கு வரும். அவரவர் வீட்டுக் குளியல் முடிந்ததும் நடுவழியில் சந்தித்து, போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு, மற்ற வீடுகளுக்கு ஒழுங்காகப் போவார்கள். ஒரு நோயாளிக்கும் ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. இதில் யாருக்கு என்ன நஷ்டம், யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

சித்தப்பா கண்ணைத் திறந்தார். சித்தி சோப்புப் போடப் போட வம்பிழுப்பார்.

"கப்பல்லேர்ந்து யானை மாதிரி பெட்டியெல்லாம் தூக்கினீங்க. இந்த ஒரு கையைத் தூக்குங்க பார்ப்போம்."

அவர் முறைப்பார். உதடு கோணும். பிறகு 'ம்' வந்தது. பிறகு 'போடி' வந்தது. அந்த 'போடி'யைச் சித்தி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

துறையிலிருந்து அவ்வப்போது பயனாளிகளைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்பார்கள். ஒருநாள் குளியலின் நடுவில் அப்படிப் போன் வந்தபோது சித்தி, அலுவலகத்து ஆள் பேசுகிறார், 'ம்' போடுங்கள் போதும் என்று சொல்லி, அதை ஒலிபெருக்கியில் வைத்துத் தலையணை மேல் போட்டுவிட்டு அழுக்குத் தண்ணீரைக் கொட்டப் போனார்.

"ஐயா, உங்க பணியாளர் உங்களை மரியாதையா நடத்துறாங்களா?"

"அவ... என் பொண்டாட்டிம்மா. நல்லாத் திட்டுவா. நல்லாக் குளிப்பாட்டுவா."

வாதம் வந்த பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம். குளியலறையில் அதைக் கேட்ட சித்தி வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்ன சொல்லிவிட்டார், யாரிடம் சொல்லிவிட்டார் என்பதே சித்திக்கு அப்புறம்தான் உறைத்தது.

சித்தியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், துணையாக ஒருவர் வரலாம் என்றார்கள். நான் போனேன். குளிரூட்டிய அறை, நீளமேசை, மூன்று அதிகாரிகள். அந்தப் போன் பேச்சின் பதிவை ஓடவிட்டார்கள். "அவ... என் பொண்டாட்டிம்மா." நடுவில் இருந்தவர் குற்றவாளியைப் பிடித்த திருப்தியோடு நிறுத்தினார்.

"இன்னொரு தடவை போடுங்க சார்" என்றார் சித்தி.

"எதுக்கு?"

"கேக்கணும் போல இருக்கு."

போடவில்லை. ஒரு பொத்தானை அழுத்துவதற்கு அவர்களுக்கு மனசு வரவில்லை.

பெண் அதிகாரி மெதுவாக ஆரம்பித்தார். "நீங்க சீனியர். அந்தப் பொண்ணு தற்காலிகம். யோசனை அவங்களோடதுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, உங்களை எச்சரிக்கையோட விட்டுடலாம்."

சித்தியின் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது. வேலை போனால் அந்த வயதில் யார் எடுப்பார்கள்?

"யோசனை என்னோடது. அவ வேண்டாம்னுதான் சொன்னா" என்றார் சித்தி. பாதி பொய். கண்ணிமைக்காமல் சொன்னார்.

"அந்த ஒரு மணி நேரம் நீங்க அங்க பணியாளரா இருந்தீங்களா, மனைவியா இருந்தீங்களா?"

"ரெண்டு கையாலயும் குளிப்பாட்டினேன் மேடம். எந்தக் கை எதுன்னு பார்க்கலை. அந்த விதிக்குக் கை தூக்கினவ நான். பொம்பளைங்களை வீட்டுல பூட்டக் கூடாதுன்னு போட்டது. வேலைக்குப் போறவளை அடிக்கிறதுக்குப் போட்டதில்லை."

அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. வேலை போயிற்று. கண்ணாடிக்காரப் பெண்ணின் வேலை தப்பியது.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் இப்படிக் கொதித்திருக்கமாட்டேன். அடுத்த வாரமே துறையிலிருந்து ஒரு இளைஞர் மதிப்பீட்டுக்கென்று வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வீட்டில் இப்போது வேலையில்லாத, திடகாத்திரமான பெண் ஒருவர் இருக்கிறார். ஆகவே சித்தப்பாவுக்கு அரசு ஆள் தேவையில்லை என்று எழுதிக்கொண்டு போனார். அந்த உதவியையும் நிறுத்திவிட்டார்கள். எந்த மூலையில் பெண்களை உட்கார வைக்கக்கூடாது என்று சித்தி போராடினாரோ, அதே மூலையில் அரசாங்கமே அவரை உட்கார வைத்தது. மாமியார் செய்தால் கொடுமை. அரசு செய்தால் மதிப்பீடு.

நான் போனபோது சித்தி, சித்தப்பாவைப் பக்கவாட்டில் புரட்டித் தோளால் தாங்கிக்கொண்டிருந்தார். நான் வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டேன்.

"விடக்கூடாது சித்தி. அன்னைக்குப் போர்வையைத் தொடமாட்டோம்னு உட்கார்ந்தீங்கல்ல, அதே மாதிரி செய்யணும். ஸ்ட்ரைக் பண்ணணும்."

சித்தி திரும்பிப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கோபம் முழுக்கக் கண்ணில் இருந்தது, கை மட்டும் சித்தப்பாவின் முதுகை விட்டு அசையவில்லை.

"எதை நிறுத்தச் சொல்ற? சொல்லு. இவரை இப்படிப் பாதியில விட்டுட்டு வந்து தெருவுல உட்காரவா?"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன்.

"சங்கத்துக்கு நாளைக்கு வரேன்னு சொல்லியிருக்கேன். நான் கத்தி வாங்கின விதியை நானே கத்தி மாத்தணும். நீ இவர்கூட இருக்கணும்" என்றார். "இப்ப வந்து அந்தப் பக்கம் பிடி. வழுக்கும், இறுக்கிப் பிடி."