மூன்று தடவை சரிங்க

ஆட்டையாம்பட்டிப் பக்கம் எங்களுக்கு இருந்தது இரண்டே ஏக்கர். அதில் ரோட்டுக்கென்று அளந்து கல் நட்டது கிணறு இருக்கும் மூலையில். கிணறு போனபின் மிச்ச நிலத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

ஆட்சேபணை மனுவை நானே எழுதினேன். விசாரணை நாளன்று மடித்து வீட்டுக்காரர் சட்டைப் பையில் வைத்து, "ஏனுங்க, மறக்காம குடுத்துருங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். தாலுகா ஆபீசில் பட்டா அவர் பெயரில் இருப்பதால் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் ஜன்னலோரம் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அதிகாரி வெளியூர்க்காரர். காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.

"பொதுப் பயன்பாட்டுக்காக உங்க நிலத்தை எடுக்கிறோம்."

"சரிங்க."

"கிணறும் இதுல வருது."

"சரிங்க."

"அறுவடை முடிஞ்சதும் ஒப்படைக்கணும்."

"சரிங்க."

எங்கள் பக்கம் சரிங்க என்றால் காதில் விழுந்தது என்று அர்த்தம். போனில் சாவுச் சேதி சொன்னாலும் அதைத்தான் சொல்வோம். அதிகாரி பேசி முடிக்கட்டும், பிறகு மனுவை நீட்டலாம் என்று இவர் காத்திருந்திருக்கிறார். நானும் வெளியே, மனுஷன் என்ன மரியாதையாகப் பேசுகிறார் என்று பூரித்துக்கொண்டிருந்தேன், கூறு கெட்டவள்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். மனு பையிலேயே திரும்பி வந்தது.

"வந்ததுக்குக் கையெழுத்துன்னு நெனச்சேன் அம்மிணி" என்றார்.

மனுவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அதிகாரி பைலைத் திருப்பிக் காட்டினார். 'உரிமையாளர் சம்மதம் தெரிவித்தார்' என்று எழுதியிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் மூணு தடவை சரின்னாரேம்மா."

"ஐயோ, அது சம்மதம் இல்லீங்க! சும்மா சரிங்கன்னதுங்க!"

பக்கத்தில் நின்ற பியூன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மனுவைக் கொடுத்திருந்தாலும் எடுத்துத்தான் இருப்பார்கள். தெரியாதா எனக்கு? பறித்தது போதாதென்று, நாங்களாகக் கொடுத்ததாக எழுதிக்கொண்டார்களே, அதுதான் வயிறு எரிகிறது. "இனி அந்த வார்த்த இந்த ஊட்டுல கேக்கக் கூடாது" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பாவம், அதன் பிறகு எதற்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

கிணற்றை மூட ஜேசிபி வந்த அன்று வரப்பில் போய் நின்றேன். ஓட்டி வந்தவர் எங்கள் பக்கத்து ஆள். வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, கரை இடிஞ்சுரும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

"சரிங்க" என்று தள்ளி நின்றேன்.