தலைவர் முதலில் சொன்னது

கோவில்பட்டியில் நான் டாக்டராக இருந்த காலத்தில், எங்கள் குடும்ப மருத்துவர் சங்கத்துக்கு ஒரு மூத்த டாக்டர் தலைவராக இருந்தார். ஒல்லியான மனிதர், எப்போதும் கசங்கிய வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு மாதக் கூட்டத்தையும், வைத்தியத்தில் தான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித்தான் தொடங்குவார். நாங்கள் கேட்டுவிட்டு, டீ குடித்துக் கலைவோம்.

"இப்படிச் சொன்னா உங்க மரியாதை போயிராதா, சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போனாப் போகட்டும். நானே மறைச்சா நீங்கல்லாம் யாருகிட்டப் போய்ச் சொல்லுவிய?" என்றார்.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்தேன். நெஞ்செரிச்சல் என்று வந்த தீப்பெட்டி ஆலைத் தொழிலாளியை ஈசிஜி எடுக்காமல் அனுப்பியதையும், மறுநாள் அவர் மாரடைப்பில் இறந்ததையும் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு டாக்டர், "எனக்கும் இப்படி ஒண்ணு நடந்திருக்கு" என்று எழுந்தார். அதன்பின் ஒவ்வொருவராகப் பேசினார்கள்.

முதன்முதலாகத் தன் தவற்றைச் சொல்ல எழுந்த அன்று தலைவருக்குத் துணையாக யார் இருந்தார்கள் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.