காட்டுக்கு வரி, மரத்தடியில் வைரவர்

புலம்பெயர்ந்து வந்து வெக்ஸ்போர்டில் குடியேறிய பேபியின் வீட்டுப் பின்வேலியைத் தாண்டினால் நகரசபை பாதுகாத்து வைத்திருக்கும் காட்டுப் பள்ளம். வேலிக்கு அப்பால் நிற்கும் ஆஷ் மரத்தின் அடியில் ஒரு சின்னச் சூலம் இருக்கிறது. நகரசபைக்குத் தெரியாமல் அதை நட்டவள் பேபி. மகன் ராகுலனுக்கு ஏழு வயதில் இரத்தப் புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொன்ன வாரம், அந்த மரத்தடியில் சூலமாக வைரவரை இருத்தி, "இவனை எனக்கு விட்டுத்தாரும், உம்மை நான் விடமாட்டன்" என்று அழுதாள். பிள்ளை பிழைத்தான். அன்றிலிருந்து வெள்ளி தவறாமல் வடைமாலை.

ராகுலனுக்கு இப்போது இருபத்தாறு வயது. தாடி வைத்திருக்கிறான். ஆனாலும் அவன் ஒருமுறை இருமினால் பேபியின் கண் பின்வேலிக்குப் போய்விடும்.

இந்த வசந்தத்தில், இப்படிப்பட்ட காடுகளைப் பராமரிக்க வீட்டு வரியோடு ஒரு சிறு தொகை சேர்த்து வாங்கவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. பட்ட மரங்களை வெட்டுவார்களாம், பாதை போடுவார்களாம். எதிர்ப்பவர்களிடம் கையெழுத்து வாங்கப் பக்கத்து வீட்டு நிசாந்தன் வந்தான்.

"வீட்டுக்குக் கட்டுற ரக்ஸ் காணாதாம் அன்ரி. இனி அணிலுக்கும் சேத்துக் கட்டட்டாம்."

அவன் சொல்லி முடிக்குமுன் பேபி பேனாவை வாங்கிவிட்டாள். கணவர் தியாகலிங்கம் சிரித்தார்.

"கோயில்காரர் கேட்டா எண்ணாமல் குடுக்கிறனீர். உதுக்கு மட்டும் ஏனப்பா இந்தக் கோவம்?"

கோபம் இல்லை, பயம். காசு சேர்ந்தால் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால் மரம் அரியும் வாளோடு வருவார்கள். மரம் போனால் வைரவர் எங்கே போவார்? வாக்குக் கொடுத்தவள் கைவிட்டால், அவர் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கமாட்டாரா? அந்த மரம் இரண்டு வருடமாகத் துளிர்க்கவில்லை. அதைக் கண்டும் காணாதவள்போல இருந்தாள் அந்தத் தாய்.

அடுத்த வெள்ளிக்கிழமை காற்று பலமாக அடித்தது. முழங்கால் வலியோடு பேபியால் சரிவில் இறங்க முடியவில்லை. வடைமாலையை மகனிடம் கொடுத்தனுப்பிவிட்டுக் குசினி யன்னலில் நின்று பார்த்தாள். ராகுலன் சூலத்துக்கு முன் குனிந்தான். அவனுக்கு மேலே ஏதோ முறியும் சத்தம் கேட்டது.

வெறுங்காலோடு ஓடினாள்.

ஆள் பருமனான கொப்பு ஒன்று அவன் தோளை உரசிக்கொண்டு விழுந்து மண்ணில் புதைந்து கிடந்தது. சேர்ட் கிழிந்து இரத்தம் கசிந்தது. அவனோ முறிந்த இடத்தை விரலால் சுரண்டிக்கொண்டு நின்றான். மரம் மாவாக உதிர்ந்தது.

"அம்மா, இட்ஸ் டெட். உள்ளுக்க முழுக்கப் பூச்சி. இது எப்பவோ செத்திட்டுது."

பேபி அவன் தலையைத் தடவினாள், முகத்தைத் தடவினாள், மறுபடியும் தலையைத் தடவினாள். எந்த மரம் இவனைக் காக்கிறது என்று நம்பினாளோ, அதன் கீழே தன் கையாலேயே அவனை அனுப்பியிருக்கிறாள்.

மறுநாள் காலை நிசாந்தனின் கதவைத் தட்டினாள்.

"என்ர பேரை வெட்டிவிடும் தம்பி."

"ஏன் அன்ரி, லொட்டோக் காசு விழுந்திட்டுதோ?"

"கொப்பு விழுந்தது. பிள்ளையின்ர தோளில. அவங்கள் வந்து வெட்டட்டும், நான் கட்டுறன்."

நிசாந்தன் பிறகு பகிடி விடவில்லை. தாளை எடுத்து அவள் பெயரை வெட்டினான்.

ஆனால் சூலம்? முன்பின் தெரியாதவர்கள் அதைப் பிடுங்கிக் குப்பையில் எறியுமுன் அவளே எடுத்தாக வேண்டும். திங்கட்கிழமை, ஆண்கள் வேலைக்குப் போனபின், மெல்ல மெல்லச் சரிவில் இறங்கினாள். ஒரு கையால் சூலத்தைப் பற்றினாள். மறுகையால் மகனுக்குப் போன் எடுத்தாள்.

"என்னம்மா, நான் வேலையில."

"தெரியும். கதை."

"என்னத்தைக் கதைக்க?"

"என்னெண்டாலும் கதை. நிப்பாட்டாதை."

அவன் காலையில் வாங்கிய கோப்பி ஆறிப்போனதைச் சொன்னான். லீவு தர மறுத்த மேலாளரைப் பற்றிச் சொன்னான். பேபி கண்களை இறுக மூடிக்கொண்டு இழுத்தாள். ஈரமண் விட்டுக்கொடுத்தது.

அந்தக் கணத்தில் மறுமுனையில் குரல் நின்றது. அவள் மூச்சும் நின்றது.

"அம்மா? யூ தெயர்?"

பேபி சேற்றிலே அப்படியே குந்திவிட்டாள்.

"ஓம் ராசா," என்றாள். "நீ கதை."