கொன்ட்ரோலருக்கு நான் போட்ட உறை

இரத்மலானையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிற, பற்றரியில் ஓடும் சக்கரக் கதிரைகளின் கொன்ட்ரோலரை நம்பி ஆளை இருத்தலாமா கூடாதா என்று பார்த்து எழுதுவோம். கொன்ட்ரோலர் என்றால் பெரிய விஷயமில்லை, கைபிடியில் ஒரு பெட்டி, அதன் தலையில் ஒரு குட்டித் தண்டு. தண்டைத் தள்ளினால் கதிரை ஓட வேண்டும், கையை எடுத்தால் தண்டு நடுவுக்கு வந்து கதிரை நிற்க வேண்டும். இதைச் சொல்லத்தான் நாங்கள் தலையணை மொத்தத்துக்கு பைல் எழுதுகிறோம்.

என்னுடைய அக்காவுக்கு இந்த வேலையில் துளி மரியாதையும் கிடையாது. "பயப்பிடுறதுக்குச் சம்பளம் வாங்கிற ஒரே ஆள் நீதான்" என்பாள். அக்காவுக்கு இரண்டு காலும் இயங்காது. வெள்ளவத்தையில் நானும் அவளும்தான் வீட்டில். இருபது வருசமாக யாராவது பின்னால் நின்று தள்ளினால்தான் அவளுக்குப் பயணம். போன வருசம் ஒரு பற்றரிக் கதிரை வாங்கினோம். அந்த மொடலைப் பார்த்து 'சரி' என்று கையெழுத்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்குப் பிறகு பின்னேரம் ஐந்து மணிக்கு ஆளை வீட்டில் பிடிக்க ஏலாது. ஒழுங்கையால் இறங்கித் தனியாகக் கடற்கரையோர மரைன் டிரைவுக்குப் போவாள். அங்கே வண்டியில் அன்னாசி விற்கிறவரோடு சிங்களத்தில் நாட்டு நடப்பெல்லாம் அலசி, மிளகாய்த்தூள் போட்ட இரண்டு துண்டைத் தின்றுவிட்டு ராசாத்தி மாதிரித் திரும்பி வருவாள். அந்த ஒரு மணித்தியாலத்தை அவளிடமிருந்து எந்தக் கொம்பனாலும் பறிக்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

மழை தொடங்கின கிழமை, அக்கா கையை எடுத்த பிறகும் கதிரை நிற்காமல் போய் அந்த அன்னாசி வண்டியிலேயே மோதியது. "அனே அக்கே!" என்று கத்திக்கொண்டு மனுசன் பாய்ந்து பிடித்தாராம். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. ரோட்டில் உருண்ட அன்னாசிகளுக்குத்தான் காயம். அடுத்த நாளே வேலைக்குப் போய்க் கந்தோரில் அறிவித்து, சம்பவப் படிவத்தையும் நானே நிரப்பிக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை அக்கா அதில் ஏறக்கூடாது. பிழை கொன்ட்ரோலரில்தான் என்று முடிவானால், கதிரையைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். அக்கா பழையபடி தள்ளுகிற கதிரைக்கு வந்தாள்.

கந்தோரில் எங்களுக்கு மேலாக இருக்கிற பெரியவர் கொழும்பு முஸ்லிம், அதிர்ந்து பேசாத மனுசன். "ஒங்கட அக்காட கதிர, நீங்க சோதிக்க வாணாம் மேடம், நான் பாக்கிறன்" என்றார். இறக்குமதி செய்தவர்களிடம் அதே மொடலில் ஒன்றை எடுத்து எத்தனையோ தரம் ஓட்டிப் பார்த்தார். அது ஒவ்வொரு தரமும் சமர்த்தாக நின்றது. இப்படியே இரண்டு கிழமை போய்விட்டது. கடைசியில், "அக்காட கதிரயக் கொண்டு வாங்க. இருந்தபடியே வரணும்" என்றார்.

இருந்தபடியேயா? ஒரு சாமான் கந்தோருக்குப் போகிறதென்றால் அதை ஊத்தையோடு அனுப்ப முடியுமா? பிறகு என்னுடைய மானம் என்ன ஆவது? சில்லைக் கழுவினேன், சீற்றைத் துடைத்தேன். கொன்ட்ரோலருக்குப் போட்டிருந்த பொலித்தீன் உறை மங்கிப்போயிருந்தது. கடற்காற்றும் மழையும் படக்கூடாதென்று, மழை தொடங்கின கிழமைதான் நான் போட்டது. எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டுக்கும் உறைதான், கல்குலேட்டருக்கும் உறைதான். வெள்ளவத்தையில் எந்த வீட்டில் இல்லை? பழசைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுப் பொலித்தீன் வெட்டி, இரண்டு இறப்பர் பாண்ட் போட்டு வடிவாக இறுக்கிக் கட்டினேன்.

கந்தோரில் பெரியவர் அதில் ஏறி இருந்து, தண்டை முன்னுக்குத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தார். கதிரை அவரைக் கொண்டுபோய்ச் சுவரோடு நிறுத்தியிருந்த மெத்தையில் சாத்தியது. "யா அல்லாஹ்!" என்றவர், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். ஒற்றை விரலால் இறப்பர் பாண்டுகளைக் கழற்றினார். தண்டு டக்கென்று நடுவுக்கு வந்தது. திரும்ப ஓட்டினார், கையை எடுத்த இடத்திலேயே நின்றது.

"மேடம், இத ஆரு போட்டது?"

"நான்தான் சேர்."

அந்த மொடலின் பழைய பைலை எடுத்து ஒரு பக்கத்தை விரித்து வைத்தார். கொன்ட்ரோலரை எதனாலும் மூட வேண்டாம், மூடினால் தண்டு நடுவுக்குத் திரும்பாமல் போகலாம் என்று கம்பனிக்காரர் அச்சடித்திருந்தார்கள். பக்கத்தில் 'எச்சரிக்கை தெளிவாக உள்ளது' என்று பச்சைப் பேனையால் எழுதி என்னுடைய கையெழுத்து. சிரிப்பை அடக்க அந்த மனுசன் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "இனி இத கொன்ட்ரோலரிலேயே ஒட்டச் சொல்லுவம், பெரிய படத்தோட. படிச்ச ஆக்களுக்காக" என்றார்.

அன்று பின்னேரமே கதிரையையும், பாவனையாளராக அக்கா கையெழுத்து வைக்க வேண்டிய சம்பவப் படிவத்தையும் கொண்டு வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னதும் அக்கா கண்ணில் தண்ணி வருமட்டும் சிரித்தாள். "எடியே, உன்னையெல்லோ முதல்ல சோதிச்சிருக்க வேணும்!" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வரி வரியாக வாசித்தாள். ஒரு இடத்தில் நின்றாள்.

"'பாவனையாளருக்கு ஏற்பட்ட பாதிப்பு: இல்லை.' இது ஆர் எழுதினது?"

"நான்தான். ஒரு கீறலும் இல்லையே அக்கா."

"ரெண்டு கிழமையா நான் இந்தச் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தனான். நீ ஒவ்வொரு நாளும் வேலையால வந்து, தேத்தண்ணியைக் கையில தந்து, 'இப்பதான் எனக்கு நிம்மதி' எண்டனி."

சொன்னேன்தான். ஒரு நாள் விடாமல் சொன்னேன். அவள் வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில் நான் நன்றாக நித்திரை கொண்டேன் என்பதும் உண்மை. எனக்கு வெட்கமாக இருந்தது. 'இல்லை' என்பதை வெட்டிவிட்டு, 'இரண்டு கிழமை தனியாக வெளியே போக முடியவில்லை' என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்து வைத்தாள். வைத்த கையோடு பற்றரிக் கதிரைக்கு மாறி, அதைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள், என்னை வா என்று கூப்பிடவில்லை.

அடுத்த நாள் பெரியவர் அந்த வரியில் பேனையை வைத்துக்கொண்டு யோசித்தார். "இது பாதிப்பில சேருமா மேடம்?"

"சேரும் சேர்" என்றேன். "மற்றச் சம்பவப் பைல்களையும் ஒருக்கா எடுத்துத் தாங்கோ. எல்லாத்திலயும் நான் 'இல்லை' எண்டுதான் எழுதியிருக்கிறன். ஒரு ஆளையும் கேக்கேல்லை."