“குடிக்கலாம்” என்று எழுதிய ஏகாம்பரம் சார்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பாட்டில்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தபோது கஸ்தூரி அம்மாவின் போன் வந்தது. ஏகாம்பரம் சாரின் மனைவி என்னை நேராக அழைத்ததே கிடையாது. எதுவானாலும் சார்தான் கூப்பிடுவார், கூப்பிட்டால் திட்டுவார். “தம்பி, அவரு டீ குடிச்சிகினே சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. நீ வா” என்றார் அந்த அம்மா. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். எங்கள் சண்டை பாதியில் நின்றிருந்தது. பதில் சொல்ல வேண்டியவன் நான். நான் வாயைத் திறப்பதற்குள் மனிதர் கிளம்பிப் போய்விட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராயபுரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நான் இஞ்சி பீர் தயாரிக்கிறேன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், போதை எல்லாம் வராது. இஞ்சியும் சர்க்கரையும் எலுமிச்சையும் ஈஸ்ட் போட்டு நாலு நாள் நுரைக்க வைத்து பாட்டிலில் அடைப்பது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மளிகை மொத்த வியாபாரம் செய்த அப்பாவுக்கு இந்தத் தொழில் கடைசிவரை பிடிக்கவில்லை. ஏகாம்பரம் சாருக்குத் தொழில் பிடித்திருந்தது, சரக்குதான் பிடிக்கவில்லை.

சார் எண்ணூர் பக்கம் ஒரு மின் நிலையத்தில் கொதிகலன் தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். திருவொற்றியூரில் வீடு. மகன் பெங்களூரில் இருப்பதால் அங்கே போகும்போதெல்லாம் சிறிய ஆலைகளில் காய்ச்சும் பீர் வகைகளைக் குடித்துப் பார்த்து, தினமும் ஒரே ரயிலில் போய்வந்த சிநேகிதர்களின் வாட்ஸ்அப் குழுவில் மதிப்புரை எழுதுவார். பின்னால் என்னையும் அதில் சேர்த்துவிட்டார். பேசுவது பச்சை மெட்ராஸ் தமிழ். எழுத உட்கார்ந்தால் மட்டும் அரசாங்க அறிக்கை. “மேற்படி கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை மேலோங்கி உள்ளது. அதற்கு வாழைப்பழமே வாங்கிச் சாப்பிடலாம்” என்று எழுதிய மனிதர் அவர். குழுவில் பாதிப் பேர் பீரைத் தொடாதவர்கள். அவர்களும் அவர் எழுதுவதை விடாமல் படித்தார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கையில் என் பாட்டிலோடு கொட்டகைக்குள் நுழைந்தார். “இத்த யாருப்பா பண்றது?” என்றார். நான்தான் என்றேன், பெருமையாக. “தண்ணி சரியில்ல நைனா. லாரி மாத்திட்டியா?” என்றார். இல்லை என்று அடித்துச் சொன்னேன். மறுநாள் லாரிக்காரரிடம் விசாரித்தால், போன வாரத்திலிருந்து வேறு கிணற்றில் தண்ணீர் பிடிக்கிறாராம். எனக்கே தெரியாதது இவர் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் ஒரு பாட்டில் அனுப்புகிறேன், சொல்லுங்கள் சார் என்று நானே வலியப் போய் மாட்டிக்கொண்டேன்.

அதற்கு அவர் போட்ட சட்டங்கள் ஒன்றா இரண்டா. பாட்டிலில் லேபிள் இருக்கக் கூடாது, லேபிளைப் பார்த்தால் நாக்கு ஒரு பக்கம் சாயும். அடையாளத்துக்குக் கழுத்தில் ஒரு வெள்ளை நூல் மட்டும். கண்ணாடி டம்ளர் கூடாது, நிறத்தைப் பார்த்தாலும் சாயும். எவர்சில்வர் டம்ளர்தான். ஐஸில் வைக்கக் கூடாது. காலையில் காப்பிகூடக் குடிக்காமல் ருசி பார்ப்பார். என்னிடம் வேலை செய்யும் செல்விக்கு வீடு நெட்டுக்குப்பத்தில். அவள் போகிற வழியில் திருவொற்றியூரில் இறங்கி, நூல் கட்டிய பாட்டிலைக் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் போவாள். மறுநாள் குழுவில் அறிக்கை வரும்.

“சர்க்கரை முந்துகிறது, இஞ்சி பின்னால் ஓடி வருகிறது.” “எலுமிச்சை பிழிந்தவர் கோபத்தில் இருந்திருக்கிறார், தோலின் கசப்பு இறங்கியுள்ளது.” “இருமலுக்கு உதவும்.” இவை எல்லாம் என் சரக்குக்குக் கிடைத்தவை. ஒரு கோடையில் நாலு பாட்டில் வெடித்தன. நான் சிதறிய கண்ணாடியைப் பெருக்கிக்கொண்டிருக்கும்போது போன் செய்து, “பிரஷரு பாக்காம பாய்லர் ஓட்டறியா?” என்று கேட்டார். ஒரு தடவையாவது நன்றாக இருக்கிறது என்று எழுதுங்களேன் சார் என்று வெட்கத்தை விட்டுக் கேட்டிருக்கிறேன். “நல்லாக்கீதுன்னு நான் எதுக்குமே எழுதினதில்லப்பா. மிஞ்சிப்போனா குடிக்கலாம்னு எழுதுவேன். அதுக்கே நீ இன்னும் வரல” என்றார். பெங்களூர் பீர்களில் இரண்டுக்குத்தான் அந்த வார்த்தை கிடைத்திருந்தது. அந்த வார்த்தைக்காக நான் ஐந்து வருஷம் நாயாய் அலைந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

போன ஆடியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்து உட்கார்ந்த பிறகு அவர் எழுதிய மதிப்புரைகள் ஒரே மாதிரி இருந்தன. “இஞ்சி போதவில்லை.” இஞ்சியைக் கூட்டினேன். “இஞ்சி இன்னும் போதவில்லை.” மறுபடி கூட்டினேன். தண்டையார்பேட்டைக் கடைக்காரர் போன் செய்து, ஒரு குழந்தை குடித்துவிட்டு அழுகிறது, அதன் அம்மா சண்டைக்கு நிற்கிறார் என்றார். நான் சாரை நம்பினேனே தவிரக் குழந்தையை நம்பவில்லை. மூன்றாம் தடவையும் கூட்டினேன்.

அதற்கடுத்த முறை வந்தது அந்த மதிப்புரை. “தண்ணீர் மிகச் சுத்தம். எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. குடிக்கலாம்.” படித்துவிட்டுக் கொட்டகைக்குள் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அந்த வாரமே புது லேபிள் அடித்தேன். இஞ்சிப் படத்துக்குக் கீழே: “குடிக்கலாம்” – ஏகாம்பரம், திருவொற்றியூர். அவரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும்.

லேபிள் ஒட்டிய சரக்கு கடைகளுக்குப் போய் ஒரு வாரம் கழித்து செல்வி என்னிடம் வந்தாள். “அண்ணே, மூடி டெஸ்ட்டுக்கு வெறும் சோடா ரொப்பி வெச்ச பாட்டிலக் காணோம். சாருக்கு எடுத்து வெச்ச பாட்டிலு இங்கயே கீது” என்றாள். மூடி காற்றைப் பிடித்து நிற்கிறதா என்று பார்க்க வெறும் சோடாத் தண்ணீர் நிரப்பி வைப்போம். அதிலும் லேபிள் கிடையாது, அதற்கும் ஒரு நூல். சாருடைய பாட்டில் என்று நினைத்து அதை எடுத்து அவள் பையில் வைத்தது நான். லேபிள் இல்லாத பாட்டில், நிறம் தெரியாத டம்ளர். நாக்கு ஏமாறக் கூடாது என்று அவர் போட்ட சட்டத்தாலேயே, ஐந்து வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை பச்சைத் தண்ணீருக்குப் போயிருந்தது.

செல்வியை வாயை மூடிக்கொள்ளச் சொன்னேன். நானும் மூடிக்கொண்டேன். சாரின் நாக்கில் ஏதோ கோளாறு என்று அப்போதே புரிந்தது. போய் விசாரித்தேனா என்றால் இல்லை. லேபிள் அழகாக இருந்தது.

அடுத்த முறை ருசி பார்க்க சார் கொட்டகைக்கே வந்தார். ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார், “இஞ்சி பத்தலப்பா” என்றார். அன்று காலைதான் தண்டையார்பேட்டைக்காரர் ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பியிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு ஆத்திரம். “நீங்க குடிக்கலாம்னு எழுதினீங்களே, அது வெறும் சோடா சார். இஞ்சியே இல்ல, சர்க்கரையே இல்ல. உங்களுக்கு என்னதான் தெரியுது?” என்று செல்வியை வைத்துக்கொண்டே கத்திவிட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். சுவரோரம் அடுக்கியிருந்த லேபிள் ஒட்டிய பாட்டில்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி. “எத்தினி பாட்டில்ல என் பேரு போட்டுக்கீற?”

காய்ச்சலிலிருந்து நாக்கு செத்துவிட்டதாம். உப்பு தெரியவில்லை, இனிப்பு தெரியவில்லை. கஸ்தூரி அம்மாவிடமும் சொல்லவில்லை. வந்துவிடும், வந்துவிடும் என்று பார்த்திருக்கிறார். அதுவரை இஞ்சி போதவில்லை என்று சமாளித்திருக்கிறார். அப்புறம் ஏன் சார் குடிக்கலாம் என்று எழுதினீர்கள் என்றேன். “எத்தினி தபா இல்ல இல்லன்னே சொல்றது. ஒனக்கும் மனசு கஷ்டமா இருக்குமேன்னு எழுதிட்டேன்” என்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவர் என்மேல் இரக்கப்பட்டிருக்கிறார், அதை நான் அச்சடித்துக் கடை கடையாக வைத்திருக்கிறேன்.

அன்று மாலையே குழுவில் அறிவித்துவிட்டார். காய்ச்சலுக்குப் பிறகு தான் எழுதிய மதிப்புரைகள் அனைத்தும் செல்லாது, அவற்றை நம்பி இஞ்சி பீர் வாங்கியவர்கள் மன்னிக்கவும் என்று. அதோடு விட்டாரா? ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவை வாங்கிக்கொண்டு கடை கடையாகக் கிளம்பிவிட்டார். குளிர்பெட்டியைத் திறந்து பாட்டில் பாட்டிலாக எடுத்து, “குடிக்கலாம்” என்பதையும் தன் பெயரையும் அடித்துவிட்டுத் திரும்ப அடுக்குவார். திருவொற்றியூர் முடிந்து புதுவண்ணாரப்பேட்டை, அங்கிருந்து தண்டையார்பேட்டை. எனக்குக் கடைக்காரர்களின் போன் ஓயவில்லை. “யாரு சார் இந்தப் பெருசு? பேஜாரா கீது. சரக்குல கிறுக்கிகினே கீறாரு, கேட்டா எம் பேருதான்னு ஆதார் கார்டக் காட்றாரு.” எழுபது வயது மனிதர். சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

தண்டையார்பேட்டையில் கடைக்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். சார் வெயிலில் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார், சட்டைப் பையில் மார்க்கர் மை ஒழுகியிருந்தது. ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தேன். “பாய்லர்ல நான் கையெழுத்து போட்டாத்தான் நெருப்பு மூட்டுவான். தண்ணியப் பாக்காம ஒரு நாளு கூடப் போட்டதில்ல. இப்ப ஒன் பாட்டில்ல பாக்காத கையெழுத்து கீதுப்பா. தூக்கம் வர்ல” என்றார்.

அடுத்த அச்சில் எடுத்துவிடுகிறேன் என்றேன். எப்போது என்றார். இருக்கிற லேபிள் சுருள் தீரட்டும் சார் என்றேன். ரயில் வந்தது, ஏறினார், வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், சுருள் ஒரு சாக்கு. அந்த வார்த்தை சோடாவுக்குக் கிடைத்தது, அதுவும் பொய்யாகக் கிடைத்தது என்று தெரிந்தும் அதை விட எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குப் பேசலாம், ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று பதினோரு நாள் தள்ளினேன்.

செவ்வாய்க்கிழமை திருவொற்றியூரில் தெருமுனை முழுக்கக் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. ஏகாம்பரம் என்று பெரிய எழுத்தில். கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை வேட்டியில் படுத்திருந்தார். வலதுகை விரல்களில் கறுப்பு மை. குளிப்பாட்டித் தேய்த்தும் போகவில்லை என்றார் கஸ்தூரி அம்மா. “நேத்து கூட எர்ணாவூர்ல ஒரு கட பாக்கின்னு போனாரு தம்பி, கட மூடிகீதுன்னு திரும்பி வந்துட்டாரு. இன்னா கணக்கோ, எனக்கொண்ணும் புரியல” என்றார். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லாவற்றையும் அப்போதே சொல்லவும் செய்தேன். கேட்டுவிட்டு, “அவரு அப்டித்தான்” என்றார்.

மறுநாள் கொட்டகையில் லேபிள் ஒட்டி அனுப்பத் தயாராக நாற்பது பெட்டி இருந்தது. சுருள் ஒன்றரை மிச்சம். சுருளை அடுப்பில் போட்டேன். பெட்டிகளைப் பிரித்து ஒரு மார்க்கரோடு உட்கார்ந்தேன். “செத்தவரு பேர அடிக்கலாமாண்ணே?” என்றாள் செல்வி. அவருக்குச் செய்ய வேண்டிய காரியம் இதுதான் என்றேன். அவளும் ஒரு மார்க்கர் வாங்கிவந்து எதிரில் உட்கார்ந்தாள். ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டியிருந்த அந்தப் பெயரை நாங்கள் இருவரும் சாயங்காலம் வரை அடித்துக்கொண்டிருந்தோம்.

சார், நாற்பது பெட்டியும் ஆயிற்று. எர்ணாவூருக்கு நேற்றே போய்வந்தேன், இனி ஒரு கடையிலும் உங்கள் பெயர் இல்லை. நீங்கள் தூங்கலாம். இஞ்சியைப் பழைய அளவுக்குக் குறைத்து இந்த வாரம் புதிதாகக் காய்ச்சியிருக்கிறேன். செல்வி நன்றாக இருக்கிறது என்கிறாள், கடைக்காரரும் நன்றாக இருக்கிறது என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.